நெடுநாள் புழக்கத்தில் நிலைத்த இண்டி ராக் ஆல்பங்கள்

இங்கே நான் குறிப்பிடும், வெகுஜன பாப் இசைக்கு வெளியே வளர்ந்த இண்டி, ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பங்கள் பல ஆண்டுகளாகக் குறுந்தட்டாகவோ இசைத்தட்டாகவோ என்னிடம் இருப்பவை. சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து நகரத்துக்குச் செல்லும் எம்ஆர்டி ரயிலிலும், பின்னிரவில் அண்டைவீட்டாருக்குக் கேட்காத அளவுக்கு ஒலியைக் குறைத்து வீட்டிலும், முதல் பாடல் தொடங்கிக் கடைசிப் பாடல்வரை திரும்பத் திரும்பக் கேட்டவை. வெளிவந்தபோது அவை பெற்ற வரவேற்பைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அவற்றில் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதே என் அக்கறை. ஒலிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டுச் செய்யப்பட்ட ஆல்பங்கள் தாக்குப்பிடிக்கின்றன என்பதும், முதல் முறையிலேயே நம்மை ஆட்கொண்டுவிட முனைபவை விரைவில் தேய்ந்துபோகின்றன என்பதும் நான் கண்டது.

முதலில் சொல்ல வேண்டியது டாக் டாக் குழுவின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’. சின்தசைசர் ஒலிகளை முன்னிறுத்தும் சின்த்-பாப் பாடல்களால் பெயர்பெற்ற அந்த பிரிட்டிஷ் குழு, ஆறே பாடல்கள் கொண்ட, வானொலிக்குச் சற்றும் பொருந்தாத இந்த ஆல்பத்தை 1988இல் வெளியிட்டது. லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தை இருட்டாக்கி, அழைத்து வந்த கலைஞர்களை மனம்போனபடி வாசிக்கவிட்டு, மணிக்கணக்கில் பதிவானவற்றிலிருந்து சிறு சிறு பகுதிகளை மட்டும் தேர்ந்து குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் இதைக் கோத்தார்கள். வயலினுக்கு நைஜல் கென்னடியும் டபுள் பேஸுக்கு டேனி தாம்ப்சனும் வந்தார்கள் என்றாலும், இருவருமே தங்கள் திறமையைக் காட்டுவதற்காக ஓரிடத்திலும் முன்னால் வந்து நிற்பதில்லை. ரயிலில் கேட்பதற்கு இது உகந்ததன்று: தொடக்கத்தின் மெல்லிய ஒலிகளை ரயிலின் இரைச்சல் விழுங்கிவிடும், அதற்காக ஒலியைக் கூட்டினால் மூன்றாம் பாடலான ‘டிசையர்’ வெடித்தெழும் இடத்தில் காது வலிக்கும். வீட்டில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். முதல் பாடலில் ஹார்மோனிகா மின்கிட்டாரைப்போலக் கரகரத்து எழும் இடத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்; அதற்கு முன்னால் வரும் அமைதியின் நீளத்தை என்னால் இன்னமும் சரியாகக் கணிக்க முடிவதில்லை. ஒரு ஆல்பம் இவ்வளவு காலம் புதிதாகவே இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1991இல் ‘லாஃபிங் ஸ்டாக்’, 1998இல் தனி ஆல்பம் ஒன்று என்று இரண்டை மட்டும் தந்துவிட்டு ஹாலிஸ் இசையுலகிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 2019இல் அவர் காலமானார்.

மேற்சொன்ன அளவுகோலுக்கு அடங்காதது மை பிளடி வாலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991). இதில் இடைவெளி என்பதே கிடையாது. கிட்டார் ஒலி சுவரிலிருந்து சுவர்வரை நிரம்பியிருக்கிறது. ஆயினும் இது சலிப்பதில்லை. கெவின் ஷீல்ட்ஸ், கிட்டாரின் சுருதியை வளைக்கும் டிரெமொலோ தண்டைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவதால் சுரங்கள் ஓரிடத்தில் நில்லாமல் வளைந்துகொண்டே இருக்கின்றன. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அந்த வளைவு அந்நியமாகப் படவில்லை. பாடும் குரல்களும் தாழ்ந்து, கருவிகளில் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன. தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு பாடகி நிகோவுடன் சேர்ந்து 1967இல் வெளியிட்ட ஆல்பத்திலும் எனக்கு இப்படியொரு நெருக்கம் உண்டு. ஒரே சுரத்தை நெடுநேரம் நிறுத்தி வாசிக்கும் லா மான்ட் யங்கின் குழுவிலிருந்து வந்த ஜான் கேல், ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ பாடலில் வயோலாவை இழுக்கும்போதும், அதே குழுவின் லூ ரீட் தம் கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துக்குக் கூட்டி ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ பாடலில் மீட்டும்போதும், தம்புராவின் சுருதியோடு வளர்ந்த ஒருவருக்கு அந்த இசையின் அடித்தளம் உடனே பிடிபட்டுவிடும்.

ஸ்லின்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) அடிக்கடி கேட்பதற்கன்று. இருபது வயதை ஒட்டிய, அமெரிக்காவின் கென்டக்கி மாநில இளைஞர்கள் சில நாட்களில் பதிவுசெய்த ஆறு பாடல்கள்தாம். கிசுகிசுப்பிலிருந்து அலறலுக்குச் செல்லும் அந்தப் பாதைக்கு மனம் தயாராக இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் ஆல்பங்களை உள்ளூர்ப் பற்றினால் மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1985இல் தொடங்கிய ‘பிக்ஓ’ சஞ்சிகை இங்குள்ள குழுக்களைப் பற்றி விடாமல் எழுதி அவற்றுக்கு ஒரு வாசகர் கூட்டத்தை உருவாக்கியது. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் நிறுவிய சப்ஸ்டேஷன் கலை நிலையம் அவற்றுக்கு வாசிக்க இடம் தந்தது. 1991இல் வந்த தி ஆட்ஃபெல்லோஸ் குழுவின் ‘டீனேஜ் ஹெட்’ ஆல்பத்திலிருந்து ‘சோ ஹேப்பி’ என்ற பாடல் அடுத்த ஆண்டு பெர்ஃபெக்ட் 10 வானொலியின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த உற்சாகம் இன்றும் அதில் குறையவில்லை. ஹம்ப்பேக் ஓக் குழுவின் ‘பெயின்-ஸ்டெயின்ட் மார்னிங்’ (1994) அதற்கு நேரெதிராகத் துயரம் தோய்ந்தது. அக்குழுவின் பாடகர் லெஸ்லி லோ பிறகு தி அப்சர்வேட்டரி குழுவில் இணைந்து 2004இல் தந்த ‘டைம் ஆஃப் ரீபர்த்’ ஆல்பத்தை ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ அருகில் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. மென்மையான கிட்டார், மின்னிசைக் கருவிகளின் மெல்லிய இழை, காதருகே பேசுவதுபோன்ற குரல் ஆகியவை ஒன்றையொன்று முந்தாமல் செல்கின்றன. பின்னிரவில் தாழ்ந்த ஒலியில் கேட்டாலும் எதுவும் குறைவதில்லை. அடுக்குமாடி வீட்டில் வாழ்பவருக்கு இது பெரிய வசதி. அதே குழு 2015இல் பாலித்தீவின் உலோகத் தாளக் கருவிகளாலான கமெலான் இசையை உள்வாங்கி ‘கன்டினியூம்’ ஆல்பத்தைச் செய்யும் அளவுக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வெளிநாட்டுக் குழுக்களை மட்டும் கேட்கும் நண்பர்களிடம் நான் வாதிட்டே கடனாகக் கொடுக்கும் ஆல்பம் ‘டைம் ஆஃப் ரீபர்த்’.

ரேடியோஹெட் குழுவின் ‘இன் ரெயின்போஸ்’ 2007 அக்டோபர் 10 அன்று, வாங்குவோர் விரும்பிய விலைக்கு இணையத்தில் வெளியானது. விலையைப் பற்றிய பேச்சு அடங்கிய பிறகுதான் இசை நன்றாகக் கேட்டது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 42 நிமிடங்கள்; நடையும் காத்திருப்பும் சேர்ந்த நகர மையத்தின் ராஃபிள்ஸ் பிளேஸ் வரையிலான காலைப் பயணத்துக்குக் கச்சிதமான நீளம். ‘15 ஸ்டெப்’ என்ற முதல் பாடல் ஐந்தெண்ணிக்கையில் நடப்பதால், கண்டசாபுக்குப் பழகிய விரல்கள் தாமாகவே தாளம் போடத் தொடங்கிவிடும். வில்கோ குழுவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’, ஒரு நிறுவனம் நிராகரித்து, குழுவின் இணையத்தளத்தில் முதலில் ஒலித்து, 2002இல் வேறொரு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. சிற்றலை வானொலி இரைச்சலுக்குள்ளிருந்து எளிய மெட்டுகள் தலைகாட்டும் விதம் இன்றும் எனக்குப் பிடிக்கும்.

தேய்ந்துபோனவற்றில் ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃபியூனரல்’ (2004) ஒன்று. உறவினர்களின் மரணங்களுக்கு நடுவே உருவான அந்த ஆல்பத்தின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் எல்லாரும் சேர்ந்து உரக்கப் பாடும் உச்சங்கள் எங்கே வரும் என்று மனப்பாடமான பிறகு, அவற்றுக்கு இடையிலுள்ள பகுதிகள் என்னைப் பிடித்துவைப்பதில்லை.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில், இசைத்தட்டுகளின் அட்டை உறைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். உள்ளுறையைக் காகிதத்திலிருந்து பாலித்தீனுக்கு மாற்றி, தட்டுகளை ஈரநீக்கி அலமாரியில் நிறுத்தி வைத்த பிறகு எனக்குத் தொல்லை இல்லை. கைப்பேசிச் செயலியில் கேட்பவர்கள் ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கத்தோடு கலக்கும் வசதியை முடக்கிவிட வேண்டும். ‘லவ்லெஸ்’ ஆல்பத்தில் பாடல்களுக்கு இடையே வரும் சிறு துணுக்குகள் அதில் சிதைந்துவிடுகின்றன. இந்த இசைக்குப் புதியவர் ‘இன் ரெயின்போஸ்’, ‘டைம் ஆஃப் ரீபர்த்’ இரண்டிலும் தொடங்கலாம். ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ ஆல்பத்துக்கு, குறுக்கீடு இல்லாத முக்கால் மணிநேரம் வீட்டில் கிடைக்கும் நாள்வரை காத்திருப்பது நல்லது.