பாண்டியிலிருந்து கடலூர் திரும்ப ஆக்டிங் டிரைவர்: நாலு தடவை கூப்பிட்டவனின் கதை

மஞ்சக்குப்பத்தில் வீடு, கூட்டாளிகள் எல்லாம் பாண்டியில். இப்படி அமைந்துவிட்டால் மாதம் ஒரு தடவையாவது பாண்டி எல்லையான முள்ளோடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தனியாள் என்றால் பஸ்ஸிலேயே போய் வந்துவிடுவேன், என்ன பெரிய தூரம். வீட்டுக்காரி, பிள்ளைகள், அம்மா என்று ரிசப்ஷனுக்குக் கிளம்பினால் கார்தான், அங்கே போய் மொய் எழுதி முடிப்பதற்குள் எவனாவது ஒருவன் கையைப் பிடித்து சரக்கடிக்க மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் போன வருடத்திலிருந்து திரும்பி வர ஆக்டிங் டிரைவர், அதாவது அன்றைக்கு மட்டும் நம் காரை ஓட்டக் கூலிக்கு வருகிற ஆள், வைத்துக்கொள்கிறேன். இதுவரை நாலு தடவை. முதல் இரண்டும் பாண்டியில் ஒரு ஏஜென்சி மூலம், அடுத்த இரண்டும் கடலூர் ஆள் ஒருவர். ஏஜென்சிக்கு ஐந்துக்கு ஒன்றரை மார்க். கடலூர் அண்ணனுக்கு நாலரை, அந்த அரை எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

முன்னால் நானும் "ரெண்டு பெக்தானே, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" கோஷ்டிதான். மாற்றியது மாமா பையன். குட்டி யானை (சின்ன லோடு வண்டி) ஓட்டுகிறான், சொந்த வண்டி, மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை ராத்திரி பைக்கில் வரும்போது ஊதச் சொன்னார்கள், மெஷினில் 84 என்று வந்தது. சட்டத்தில் இருக்கிற எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். பைக்கை அங்கேயே ஓரங்கட்டி வாங்கிக்கொண்டார்கள். ஹெல்மெட் கேஸ் மாதிரி அந்த இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு நடையைக் கட்ட முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு என்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, ஜட்ஜ் நினைத்தால் இரண்டுமே. மறுபடி மாட்டினால் 15,000, சிறை இரண்டு வருடம் வரை. 2019 செப்டம்பருக்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000தான் இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் 10,000 கட்டினான், ஜெயில் இல்லை. பெரியப்பா "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார். போகவில்லை. லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பி மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மாட்டியது பைக்கில், ஆனால் பைக்குக்கும் குட்டி யானைக்கும் இருப்பது அதே ஒரு கார்டுதானே! மூன்று மாதம் வண்டி வாசலிலேயே நின்றது. மார்க்கெட் லோடு வேறு ஆளுக்குப் போய்விட்டது, தவணைக்கு அத்தையின் வளையல் போனது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்தப் பத்தாயிரம்தான் இருப்பதிலேயே சின்னத் தொகை. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் டிரைவருக்கு ஆயிரம் கொடுப்பதில் எனக்குக் கை நடுங்குவது நின்றது.

சரி, ஏஜென்சி. முதல் தடவை ஒன்பதரைக்கு வரச் சொன்னேன், ஆள் வந்தது பத்தேகால். பையன் நன்றாகவே ஓட்டினான், அதில் குறையில்லை. போனில் பேசியது நாலு மணி நேரத்துக்கு 600, பத்து மணிக்கு மேல் நைட் பேட்டா 200. வீட்டு வாசலில் இறங்கியதும் "சார், ரிட்டன்?" என்றான். பாண்டி ஆள் நடு ராத்திரி கடலூரில் இறங்கினால் எப்படித் திரும்பிப் போவான் என்று நானும் யோசிக்கவில்லை, ஏஜென்சியில் போன் எடுத்த ஆளும் சொல்லவில்லை. அவன் மேல் தப்பு சொல்ல முடியாது, 300 கொடுத்தேன். காலையில் ஏஜென்சிக்குப் போன் போட்டால் "எல்லாரும் குடுக்கறதுதானே சார்" என்று பதில்.

இரண்டாவது தடவைதான் கூத்து. வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், விபூதி, வெள்ளைச் சட்டை, பார்க்க அவ்வளவு மரியாதை. சாவியை நீட்டுகிறேன், குனிந்து வாங்கும்போது குப்பென்று வாடை. என் வாடையோ என்று ஒரு நிமிடம் சந்தேகம். வீட்டுக்காரியைப் பார்த்தேன், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைக் காட்டினாள். கேட்டால் "மதியம் ஒரே ஒரு பீர் சார், அதெல்லாம் எறங்கிடுச்சு" என்கிறார். குடித்தவனைக் குடித்தவன் கூட்டிக்கொண்டு போவதற்கு நான் எதற்கு 800 ரூபாய் அழ வேண்டும்? திருப்பி அனுப்பினேன். வேறு ஆள் அனுப்பச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள், அட்வான்ஸ் 200 இன்றுவரை வரவில்லை. அன்றைக்கு ராத்திரி பாண்டியிலேயே ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் பாய் போட்டுப் படுத்தோம்.

அடுத்த வாரம் வக்கீல் நண்பனிடம் இதைச் சிரிப்பாகச் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. தெரிந்தே சாவியைக் கொடுத்திருந்தால் 188ஆம் பிரிவில் உன்னையும் சேர்த்திருப்பார்கள் என்றான். குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணைபோகிறவனுக்கும் ஓட்டியவனுக்கு என்ன தண்டனையோ அதேதான். மத்திய சட்டம் என்பதால் முள்ளோடைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற பேச்சும் கிடையாது.

இன்சூரன்ஸ் அதைவிட மோசம். பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள், நீங்களோ உங்களுக்குத் தெரிந்து உங்கள் வண்டியை ஓட்டுகிற வேறு ஆளோ போதையில் இருந்தால் வண்டிச் சேதத்துக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். ஊதிப் பார்த்த ரிப்போர்ட்டே இல்லையே, எப்படி நிரூபிப்பார்கள் என்று நானும் கேட்டேன். 2007இல் டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் மோதிய ஒரு போர்ஷே கார் வழக்கைச் சொன்னான். 2021இல் உச்ச நீதிமன்றம், மற்ற சூழ்நிலைகளை வைத்தே போதை என்று முடிவுக்கு வரலாம் என்று கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆள் செத்துப்போனால் இது எதுவுமே கணக்கில்லை, 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை இருக்கிறது.

கடலூர் அண்ணனைப் பிடித்தது இதற்கெல்லாம் பிறகு. இதில் இருக்கிற சூட்சுமம் எனக்கு இரண்டு தடவை அடி வாங்கிய பிறகுதான் புரிந்தது: ஆளை பாண்டியில் தேடக் கூடாது, கடலூரிலேயே பிடிக்க வேண்டும். அவர் சாயங்காலம் பஸ் ஏறி பாண்டிக்கு வருகிறார், ராத்திரி நம் காரை ஓட்டிக்கொண்டு அவர் ஊருக்கே வருகிறார். ரிட்டன் பேச்சே கிடையாது. பேட்டா, பஸ் காசு எல்லாம் சேர்த்து 900.

வந்ததும் நேராக சீட்டில் உட்கார மாட்டார். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு காரை ஒரு சுற்று வருவார், முன் பம்பரில் ஏற்கனவே இருக்கிற கீறலை நம் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்வார், நாலு டயரையும் காலால் ஒரு தட்டு. அப்புறம் ஆர்.சி., இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்டு பாலிசியைப் புரட்டுவார். சம்பள டிரைவருக்கான கவர் (கூலிக்கு ஓட்டுகிற ஆளுக்கு அடிபட்டால் அதற்கான இன்சூரன்ஸ்) போட்டிருக்கிறதா என்று பார்க்கிறாராம், வருடத்துக்கு 50 ரூபாய் சமாச்சாரம். எனக்கு இருந்தது, இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் எல்லாம் அறுபதைத் தாண்டவில்லை. ஆல்பேட்டை செக்போஸ்டில் நிறுத்தினார்கள். "டிக்கியில பாட்டில் எதுவும் இல்லையே சார்?" என்று கிளம்பும்போதே கேட்டிருந்தார், ஒன்று கொண்டுவந்தாலும் அது மதுவிலக்குச் சட்டம், தனிக் கேஸ். மெஷினை நீட்டியதும் புதுக் குழல் மாட்டச் சொல்லி, மாட்டிய பிறகு ஊதினார். பூஜ்யம். பின்சீட்டில் நான் பாதித் தூக்கத்தில் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தேனாம், போலீஸ்காரர் பார்த்துவிட்டு "கெளம்புங்க" என்றார். வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இடையில் 1,500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஊதும் மெஷின் ஒன்றும் வாங்கினேன், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைந்த மெஷின்களில் இருப்பது செமிகண்டக்டர் சென்சார், வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும் எகிறும், அவ்வப்போது காலிபரேஷன் செய்யாவிட்டால் காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. அடுத்தடுத்து மூன்று தடவை ஊதினேன், 41, 22, 35. இதில் எதை நம்பி சாவியைத் திருப்புவது? இப்போது பையன் பலூன் ஊதுவதற்குப் பதில் அதை ஊதிக்கொண்டிருக்கிறான்.

அந்த அரை மார்க்குக்கு வருகிறேன். அண்ணன் ஹாரனை விடவே மாட்டார். ஆளில்லாத வளைவு, தூங்குகிற நாய், தூரத்தில் போகிற சைக்கிள், எல்லாவற்றுக்கும் பாம் பாம். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னொன்று, முகூர்த்த நாட்களில் ஒரு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டால் போனையே எடுக்க மாட்டார்.

அடுத்த மாதம் வில்லியனூரில் நிச்சயதார்த்தம் ஒன்று இருக்கிறது, இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அட்வான்ஸ் எவ்வளவு அண்ணே என்றேன். "அட்வான்ஸ்லாம் வேணாம் சார், போன தடவை மாதிரி சீட்டுல பிரியாணி கொட்டாம வந்தா போதும்" என்றார்.