18,000 கிலோமீட்டரில் கம்பி தெரிந்த டயர்

பின்சக்கரங்களால் இயங்கும் என் செடான் காருக்கு, முன்னால் 225, பின்னால் 255 மில்லிமீட்டர் அகலத்தில் பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் நான்கை வாங்கிப் பூட்டினேன். பின்னிரண்டையும் 18,000 கிலோமீட்டரிலேயே கழற்ற வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையைப் பற்றும் ரப்பர் வரிகள், நன்றாகத்தான் இருந்தது. பஞ்சருக்காக வண்டியை லிஃப்டில் ஏற்றிய தம்பிதான், "சார், உள்பக்கம் மொட்டை, கம்பி தெரியுது" என்று கூப்பிட்டுக் காட்டினார். அளந்து பார்த்தபோது வெளிவிளிம்பில் இன்னும் 4 மில்லிமீட்டர் மிச்சமிருந்தது.

பிடிமானத்தில் இந்த டயரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழையில் பிரேக் மிதித்தால் பழைய டயரைப்போல வழுக்காமல் நிற்கிறது. அந்தப் பிடிப்பைத் தருவது மென்மையான ரப்பர் கலவை என்பதால், சீக்கிரம் தேய்வதும் அதோடு சேர்ந்தே வருகிறது. பக்கச்சுவரில் ட்ரெட்வேர் 300 என்று பொறித்திருப்பதை வாங்கும்போதே பார்த்தேன்; எண் கூடக்கூட டயர் மெதுவாகத் தேயும் என்று பொருள். 100 என மதிப்பிட்ட ஓர் ஒப்பீட்டு டயரை அடிப்படையாகக் கொண்ட அமெரிக்க முறை அது. நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் டயர்களில் 500ஐத் தாண்டுவதும் உண்டு. நிறுவனங்கள் தாமே சோதித்துப் போட்டுக்கொள்ளும் எண் என்பதால், இரண்டு பிராண்டுகளை அதை வைத்து ஒப்பிட நான் துணியமாட்டேன்.

ஆனால் ஒரு பக்கமாகத் தேய்ந்ததற்கு ரப்பர் காரணமல்ல. வளைவில் டயர் முழு அகலத்துக்கும் தரையைப் பற்றவேண்டும் என்பதற்காக, இத்தகைய கார்களின் சக்கரங்களை மேற்புறம் சற்று உள்நோக்கிச் சாய்ந்தபடி கம்பெனியிலேயே அமைக்கிறார்கள். நெகட்டிவ் கேம்பர் எனப்படும் அந்தச் சாய்வினால் நேர்ச்சாலையில் சுமை உள்விளிம்பில் விழுகிறது. இருந்தாலும் பெரும் சேதத்தைச் செய்தது டோ கோணம்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவுதான், என்று நினைக்கிறேன். கழற்றிய டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவியபோது ஒரு திசையில் வழுக்கிய ரப்பர், எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகக் கையைப் பிடித்தது. சக்கரம் சற்றே கோணலாகத் தரையில் இழுபட்டுக்கொண்டு ஓடியதன் அடையாளம் அது. முன்சக்கரங்களை மட்டும் சரிபார்த்துவிட்டு அலைன்மென்ட் (இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் வேலை) முடிந்தது என்று பில் போட்ட கடையை நம்பியது என் தவறு. முன்னும் பின்னும் அகலம் வேறு என்பதால், டயர்களை மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வழியில்லை.

நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் செய்தபின், அதே ரகத்தில் புது டயர்களையே பின்னால் மறுபடியும் பூட்டியிருக்கிறேன். அலுவலகம் போய்வர மட்டும் கார் வைத்திருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.