வீட்டுக்குள்ளேயே ஒரு சான்றிதழ் ஆபீஸ்: ஸ்டெப்-சிஏ, எட்டு மாதத்துக்குப் பிறகு

வீட்டு நாஸ் பெட்டியை (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் நெட்வொர்க் பெட்டி) திறக்கும்போதெல்லாம் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மிரட்டும், நாங்களும் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடுவோம். அம்மா இந்தப் பழக்கத்தை வெளியுலக சைட்டுகளுக்கும் கொண்டுபோனபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. சரி, சொந்தமாக ஒரு சிஏ (ஒரு சைட் அசல்தான் என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தரும் அமைப்பு) வைத்துவிடலாம் என்று ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஸ்மால்ஸ்டெப்பின் ஸ்டெப்-சிஏவை ஏற்றினேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

நிறுவுவது பத்து நிமிட வேலை. பெயர், போர்ட், பாஸ்வேர்டு கேட்கும். 10 வருடத்துக்கு ஒரு ரூட் (எல்லாவற்றுக்கும் மூலமான தலைமைச் சான்றிதழ்), அதற்குக் கீழே தினசரி கையெழுத்துப் போட ஒரு இடைநிலைச் சான்றிதழ் என்று இரண்டையும் செய்து கொடுத்துவிடும். ரூட்டின் சாவி (கையெழுத்துப் போட உதவும் ரகசிய ஃபைல்) அன்றாடம் தேவையில்லை என்பதால் அதை ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, ராஸ்பெர்ரி பையிலிருந்து அழித்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்தது ஆக்மி வசதி, அதாவது சான்றிதழைத் தானாகவே வாங்கும் முறை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டிடம் வாங்குகிற அதே முறையில் கேடி (Caddy) என்ற வெப் சர்வர் இதனிடமும் சான்றிதழ் வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்கிறது.

ஆனால் சான்றிதழின் ஆயுள் இயல்பாக 24 மணி நேரம்தான். சாவி திருடு போனாலும் ஒரு நாளில் செல்லாக்காசு என்பதுதான் அதன் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். மழையில் 26 மணி நேரம் கரண்ட் போன அன்று வீட்டில் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் காலாவதி! கேடி தானாக எழுந்துவிட்டது. நாஸுக்கு நான் போட்டு வைத்திருந்த ரினியூ கமாண்ட் மறுத்துவிட்டது, ஏனென்றால் பழைய சான்றிதழைக் காட்டித்தான் புதியதை வாங்க வேண்டும், காலாவதியானதைக் காட்டினால் இயல்பாக ஏற்காது. தப்பு என்னுடையதுதான், ஆவணத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறது. இப்போது ஆயுளை 30 நாளாக்கிவிட்டேன் (30 நாள் என்று எழுத முடியாது, 720 மணி என்றுதான் எழுத வேண்டும்). பை 4-ல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நேரம் தவறினால் சான்றிதழும் தவறும் என்பதால் டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூலும் மாட்டியாயிற்று.

உண்மையான பாடு, ரூட்டை வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் ஏற்றுவதுதான், அப்போதுதான் அது நம் சான்றிதழ்களை நம்பும். ஐபோனில் புரொஃபைலை இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது, அபவுட் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஸ்விட்சையும் போட வேண்டும். ஆண்ட்ராய்டில் 'நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்று ஒரு அறிவிப்பு வரும். அம்மா பயந்துபோய் எனக்குப் போன் போட்டார். அதுபோக, ஆண்ட்ராய்டு 7-லிருந்து நாம் ஏற்றும் ரூட்டை குரோம் நம்பும், பல ஆப்கள் நம்பாது. எங்கள் டிவியில் ஏற்ற வழியே இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள். இந்த ரூட் ஹோம் டாட் ஆர்பா (வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கிய டொமைன்) பெயர்களுக்கு மட்டும்தான் செல்லும் என்று ரூட்டை உருவாக்கும் டெம்ப்ளேட்டில் கட்டுப்பாடு போட முடியும். அப்புறம் சாவியே திருடு போனாலும் உங்கள் பேங்க் பெயரில் போலிச் சான்றிதழ் போட்டு ஏமாற்ற முடியாது. நான் இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஆறு கருவிகளிலும் பழையதைப் பிடுங்கிப் புதியதை ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சொந்த டொமைன் இருந்தால் டிஎன்எஸ் (டொமைனின் பெயர்ப் பதிவு) வழியாக லெட்ஸ் என்கிரிப்டிலேயே வாங்கிவிடுங்கள், யார் போனையும் தொட வேண்டாம். என்ன, நாஸுக்கு வைத்த பெயர்கூட யாரும் பார்க்கக்கூடிய சான்றிதழ்ப் பதிவேட்டில் ஏறிவிடும். அது உறுத்துகிறவர்களுக்கும், என்னைப் போல் நோண்டிப் பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்கும் ஸ்டெப்-சிஏ. ஐந்துக்கு நான்கு.