மேலிருந்தா, கீழிருந்தா? கிளைடர் பிரேக்கில் காற்று எடுப்பது

கிளைடரில் (இன்ஜின் இல்லாத விமானம்) சக்கர பிரேக் லிவர் மெத்தென்று போனால், பெரும்பாலும் பிரேக் திரவக் குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை எடுக்க இரண்டு வழி உண்டு.

ஒருவர் லிவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் (சக்கரத்தின் பிரேக் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) காற்று வெளியேற இருக்கும் நிப்பிளைத் திறந்து மூடுவது கார் மெக்கானிக் வழி. தனிக் கருவி வேண்டாம். ஆனால் ஏஎஸ்கே 21 போன்ற கிளைடர்களில் ஏர்பிரேக் (இறங்கும்போது இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகடு) லிவரின் கடைசி இழுப்பில்தான் சக்கர பிரேக் பிடிக்கும். ஒரு இழுப்புக்கு நகரும் திரவம் கொஞ்சம்தான். கீழே தள்ளிய குமிழி அடுத்த இழுப்புக்குள் மறுபடி மேலே ஏறிவிடும். அரை நாள் போனாலும் லிவர் மெத்தென்றே இருக்கும்.

கீழிருந்து ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்தது. திரவம் நிரப்பிய சிரிஞ்சை நிப்பிளில் குழாயோடு மாட்டி மெதுவாக அழுத்தினால், குமிழி தன் போக்கிலேயே மேலே போய்விடும். அவசரப்பட்டால் மேலே உள்ள திரவத் தொட்டி வழியும். டாட் 4 என்ற வகை பிரேக் திரவம் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், திரவம். கனிம எண்ணெய்க்கான பிரேக்கில் டாட் 4 ஊற்றினால் சீல்கள் கெடும். மாற்றி ஊற்றினாலும் அப்படித்தான். கையேட்டில் உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். டாட் 4 ஈரத்தை உறிஞ்சும்: புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்கும் கொதிநிலை, ஈரமேறினால் 155 வரை இறங்கலாம்.