டபிள்யூ3சி வேலிடேட்டர்: லாகின் பக்கத்துக்கு எவ்வளவு தூரம் உதவும்?

காசு கேட்காது, கணக்குத் தொடங்கவும் சொல்லாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, பக்கத்தின் எச்டிஎம்எல்லில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்க நடத்தும் இந்த வேலிடேட்டரில் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாம், கோப்பை ஏற்றலாம், எச்டிஎம்எல்லை அப்படியே ஒட்டவும் செய்யலாம். பலரும் முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் அருமை தெரிவது லாகின் பக்கத்தில்தான்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே தேடல் பெட்டி; அதன் ஃபார்ம் கெட் முறையில், அதாவது நிரப்பியதை முகவரியோடு ஒட்டி அனுப்பும் முறையில் போகிறது. அதை மூடும் டேக் விடுபட்டிருக்கிறது. கீழே போஸ்ட் முறையில், அதாவது முகவரியில் காட்டாமல் அனுப்பும் முறையில் லாகின் ஃபார்ம். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகளும் சமர்த்தாக வரிசை கட்டும். ஆனால் ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம் இருக்கக்கூடாது என்பதால் பிரவுசர் இரண்டாவது ஃபார்ம் டேகைக் கண்டுகொள்ளாது. பெயர்ப் பெட்டியும் பாஸ்வேர்ட் பெட்டியும் தேடல் ஃபார்மோடு ஒட்டிக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்ட் முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின்னால் பட்டவர்த்தனமாக வந்து நிற்கும். ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும் அது பதிவாகிவிடும். எச்டிடிபிஎஸ் இருந்தாலும் இந்த இரண்டையும் தடுக்காது. ஏற்கெனவே ஒரு ஃபார்ம் திறந்திருக்கிறது, இந்த டேக் புறக்கணிக்கப்படுகிறது என்று வேலிடேட்டர் வரி எண்ணோடு காட்டிவிடும். இந்த ஒரு செய்திக்காகவே இதை ஓட்டிப் பார்க்கலாம்.

அதே லாகின் ஃபார்மையே கெட் முறையில் எழுதியிருந்தால்? பிழை எதுவும் இல்லை என்று பச்சைக்கொடி காட்டும். இலக்கணம் சரி, அவ்வளவுதான் அதன் கவலை. பெட்டிக்குக் கொடுக்கும் பாஸ்வேர்ட் டைப் என்பது திரைக்குப் போடும் திரைச்சீலை மட்டுமே. உள்ளே இருப்பது சாதாரண எழுத்து, சர்வருக்குப் போவதும் அப்படியே.

பெட்டியில் எத்தனை எழுத்து வரலாம் என்று வரம்பு போடும் மேக்ஸ்லெங்த்தும் அதன் கண்ணில் படாத ரகம். பதிவுப் பக்கத்தில் 12 என்று வைத்து, லாகின் பக்கத்தில் வைக்க மறந்தால் என்ன ஆகும் பாருங்கள். பாஸ்வேர்ட் மேனேஜர் 20 எழுத்தில் உருவாக்கியதை ஒருவர் ஒட்டுகிறார். பிரவுசர் சத்தமில்லாமல் 12-ஓடு வெட்டிவிடுகிறது. புள்ளிகளை யார் எண்ணப் போகிறார்கள்? அடுத்த முறை முழு 20 எழுத்தும் போகும், கதவு திறக்காது. தமிழில் பாஸ்வேர்ட் வைப்பவருக்கு இன்னும் சிக்கல்: ‘கொ’ ஓர் எழுத்தாகக் கணக்கில் வராது, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக இருந்தால் 2, தனித்தனிக் குறிகளாக இருந்தால் 3. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி குறைந்தது 64 எழுத்துகளையாவது ஏற்கச் சொல்கிறது. ஒட்டுவதை அனுமதிக்கவும் சொல்கிறது. ஒட்டுவதைத் தடுக்கும் பக்கத்தையும் வேலிடேட்டர் கேள்வி கேட்காமல் விட்டுவிடும்.

பெட்டியைப் பிரவுசர் தானே எதைக் கொண்டு நிரப்பலாம் என்று சொல்லும் ஆட்டோகம்ப்ளீட் பண்பு விஷயத்தில் வேலிடேட்டர் கொஞ்சம் கெட்டி. பிரவுசரை ஏமாற்ற ‘நோப்’ என்று எதையாவது எழுதி வைத்தால் தவறு என்று பிடித்துவிடும். லாகினுக்குக் கரண்ட்-பாஸ்வேர்ட், பதிவுக்கு நியூ-பாஸ்வேர்ட் என்பவைதான் சரியான மதிப்புகள். ஆஃப் என்று போட்டால் பிழை காட்டாது, ஆனால் பிரவுசர்களின் பாஸ்வேர்ட் மேனேஜர்கள் பெரும்பாலும் அதை மதிப்பதில்லை.

பக்கம் எந்த எச்டிஎம்எல் பதிப்பு என்று முதல் வரியில் அறிவிக்கும் டாக்டைப் தேர்வு இங்கேதான் குறுக்கே வருகிறது. ஆட்டோகம்ப்ளீட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கொண்டுவந்த சரக்கு, எச்டிஎம்எல் 4.01-லும், எக்ஸ்எம்எல் விதிகளின்படி எழுதும் எக்ஸ்எச்டிஎம்எல் 1.0-லும் அதற்கு இடமில்லை. பழைய டாக்டைப்போடு சோதித்தால் அப்படி ஒரு பண்பே கிடையாது என்று திட்டும். அதற்காகப் பண்பை அழிக்காதீர்கள், டாக்டைப்பை இன்றைய எச்டிஎம்எல்லுக்கு மாற்றுங்கள். எக்ஸ்எச்டிஎம்எல் என்று அறிவித்துவிட்டு டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்லாக அனுப்பும் பக்கத்தைப் பிரவுசர் வெறும் எச்டிஎம்எல்லாகத்தான் படிக்கிறது. டேகின் கடைசியில் போடும் சாய்கோடு அலங்காரம் மட்டுமே. உண்மையாகவே எக்ஸ்எம்எல்லாக அனுப்பினாலோ, இணைப்பில் ஒரு ஆம்பர்சண்டை (&) ‘&’ என்று மாற்றி எழுத மறந்தால் போதும், பக்கமே நின்றுவிடும். எக்ஸ்எச்டிஎம்எல் 2 முயற்சி 2009-ல் கைவிடப்பட்டது. 2019-ல், எச்டிஎம்எல்லை வளர்க்கும் பிரவுசர் நிறுவனங்களின் குழுவான வாட்விஜியோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு டபிள்யூ3சிக்கும் ஒரே எச்டிஎம்எல்தான். புதுப் பக்கத்துக்கு வேறு யோசனை வேண்டாம்.

பாஸ்வேர்டைக் காட்டும் கண் பட்டனை நீங்களேதான் கவனிக்க வேண்டும். அதற்கு பட்டன் என்று டைப் கொடுக்காவிட்டால் அது சப்மிட் ஆகிவிடும். பார்க்க நினைத்தவர் அரைகுறை பாஸ்வேர்டை அனுப்பிவிடுவார். பெட்டி டெக்ஸ்ட் ஆக மாறும் நேரத்துக்காக, எழுத்துப்பிழை பார்க்கும் ஸ்பெல்செக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். அனுப்பும் முன் பெட்டியைப் பாஸ்வேர்ட் டைப்புக்கே திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் பிரவுசர் அதைச் சாதாரணப் பெட்டியாக நினைத்து, அடுத்த முறை பரிந்துரைப் பட்டியலில் நீட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் கட்டும் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் சர்வர் தந்த காலி டிவ், அதாவது உள்ளே எதுவும் இல்லாத வெற்று டேக் மட்டுமே சோதனைக்குப் போகும். பிரவுசரிலேயே உள்ள டெவ்டூல்ஸில் முழு எச்டிஎம்எல்லை நகலெடுத்து, மேலே டாக்டைப் சேர்த்து ஒட்ட வேண்டும். இதிலும் முழுப் பலன் கிடைக்காது: தவறாகப் போட்ட டேகுகளைப் பிரவுசர் அதற்குள் தானே சீர்செய்திருக்கும், மேலே சொன்ன ஃபார்ம் பிழையும் மறைந்துபோகும். இன்னொன்று, ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் கட்டுப்படுத்தும் பெட்டிகளில் தட்டிய எழுத்து வேல்யூ பண்பிலும் எழுதப்படுகிறது. பெட்டியைக் காலி செய்யாமல் நகலெடுத்தால் உங்கள் பாஸ்வேர்டையே வேலிடேட்டருக்கு அனுப்பியதாகிவிடும்.

வெளியே அனுப்ப மனமில்லையா? அதே இன்ஜின் உங்கள் கணினியிலேயே ஓட்டும் ஜார் கோப்பாகவும் கிடைக்கிறது. கணினியில் ஜாவா இருந்தால் போதும். எரர்ஸ்-ஓன்லி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் டேகின் கடைசிச் சாய்கோடு பற்றி அது சொல்லும் தொணதொணப்பு அடங்கும். பிழை இருந்தால் பூஜ்யமல்லாத எண்ணோடு முடியும் என்பதால், தளத்தைத் தானாகத் தொகுக்கும் பில்டை அங்கேயே நிறுத்தலாம். பட்டியல் நீண்டால் மேலே உள்ள முதல் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாதிப் பிழைகள் அதன் குட்டிகளாகத்தான் இருக்கும்.