பழைய பவர் கண்டிஷனர்: பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது?

என் ஆடியோ அலமாரியின் அடித்தட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பவர் கண்டிஷனர், அதாவது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வடிகட்டி ஆடியோ கருவிகளுக்குத் தரும் பெட்டி, உட்கார்ந்திருக்கிறது. பின்புறம் எட்டு சாக்கெட்டுகள், முன்புறம் பாதுகாப்பு செயல்படுவதாகச் சொல்லும் ஒரு பச்சை விளக்கு, தனியாளாகத் தூக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் எடை என்று அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குரிய எல்லா லட்சணங்களும் அதற்கு உண்டு. அதை வாங்கியபோது இருந்த சிடி பிளேயர் போய், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் வந்துவிட்டது. பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வேகமான ஸ்விட்சுகளைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் கிளாஸ் டி வகை ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. கண்டிஷனர் மட்டும் அசையவில்லை. அண்மையில் அலமாரியைக் காலி செய்தபோதுதான், இது உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது பழக்கத்தால் வைத்திருக்கிறேனா என்ற கேள்வி எழுந்தது. ஒரு மாத காலம் அதைச் சேர்த்தும் நீக்கியும் கேட்டேன். மின்னணுப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரின் துணையோடு மூடியையும் திறந்து பார்த்தேன்.

ப்ளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்த பிறகே திறந்தோம். எடையில் பெரும்பகுதி ஒரே ஒரு பொருளுக்கு உரியது என்பது அப்போது தெரிந்தது: நான்கு சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் தரும் ஒரு பெரிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கம்பியால் நேரடியாக இணைக்காமல் காந்தப்புலம் வழியாக மட்டும் மின்சாரத்தைக் கடத்துவது). மற்ற நான்கும் ஒரு கம்பிச்சுருள் வடிகட்டி வழியாகச் செல்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரும் சுருள்களும் செம்பும் இரும்பும்தான் என்பதால் அவற்றில் மூப்பின் அடையாளம் எதுவும் இல்லை. மின் உள்வாயிலுக்கு அருகில் இருந்த சிறு பாகங்களின் கதை வேறு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருந்த காகித வகை கெப்பாசிட்டரின் மஞ்சள் உறையில் தலைமுடி போன்ற விரிசல்கள் ஓடியிருந்தன. அந்த விரிசல்கள் வழியாக ஈரம் உள்ளே போனால், என்றாவது ஒரு நாள் அது புகையும் நாற்றமுமாக வெடிக்கும் என்றார் நண்பர். பழைய கருவிகளைத் திறப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

அதற்குப் பக்கத்தில் நீலநிற வட்டுகளாக மூன்று வேரிஸ்டர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் விளிம்பு பழுப்பேறியிருந்தது. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அதைத் தன் வழியே பாயவிட்டு மற்ற கருவிகளைக் காப்பது இந்தத் துத்தநாக ஆக்சைடு வட்டுகளின் வேலை. ஆனால் வாங்கும் ஒவ்வொரு பெரிய அடியிலும் அவை கொஞ்சம் தேய்கின்றன. 1 மில்லிஆம்பியர் பாயும்போது காட்டும் மின்னழுத்தம் தொடக்க அளவிலிருந்து 10 சதவீதம் நகர்ந்துவிட்டால் வேரிஸ்டரின் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. தேய்ந்த வட்டு சும்மா இருந்துவிட்டாலாவது பரவாயில்லை. பொதுவாக அதன் தாங்கும் எல்லை கீழே இறங்கி, சாதாரண மின்சாரத்திலேயே சிறிது கசியத் தொடங்கி, சூடேறி, அந்தச் சூட்டால் மேலும் கசியும். பச்சை விளக்கு இவற்றில் எதையும் அளப்பதில்லை. வட்டுக்கு முன்னால் உள்ள ஃபியூஸ் போகாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே இருபது வயதான கண்டிஷனரில் அந்த விளக்கு எரிவதைப் பார்த்து நிம்மதி அடைவது, கடிகாரத்தின் முள் ஓடுவதை மட்டும் பார்த்து நேரம் சரி என்று முடிவு செய்வதைப் போன்றது.

இனி ஒலிக்கு வருகிறேன். விரிசல் விட்ட கெப்பாசிட்டரையும் மூன்று வேரிஸ்டர்களையும் அதே தரத்தில் புதிதாக மாற்றிய பிறகே கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். ஸ்ட்ரீமரையும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரையும் ஒரு முறை கண்டிஷனரிலும் ஒரு முறை நேராகச் சுவர் சாக்கெட்டிலும் நண்பர் மாறி மாறி இணைத்தார். எதில் இருக்கிறது என்று தெரியாமல் நான் கேட்டேன். 12 முறையில் 7 முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான் கிடைத்திருக்கும். முதல் நாளில், யாரும் மறைக்காமல் நானே மாற்றிக் கேட்டபோது, கண்டிஷனர் வழியாக வரும் ஒலியின் பின்னணி இன்னும் அமைதியாக இருப்பதாக உறுதியாக நம்பியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. இன்றைய ஸ்ட்ரீமர், டாக் (டிஜிட்டல் தரவை ஒலிச் சமிக்ஞையாக்கும் கருவி), கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஸ்விட்சிங் பவர் சப்ளையில் இயங்குகின்றன. அவை தாமே உயர் அதிர்வெண் இரைச்சலை உண்டாக்குபவை என்பதால், அந்த இரைச்சல் மின்கம்பிக்குத் திரும்பாதபடி 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அதைக் கட்டுப்படுத்தச் சொல்லும் விதிகளுக்கு உட்பட்டே விற்பனைக்கு வருகின்றன. அதற்காக மின் உள்வாயிலில் வைக்கப்படும் வடிகட்டி இருவழிப்பாதை போன்றது. வெளியே போவதைத் தடுப்பது போலவே உள்ளே வருவதையும் தடுக்கும். 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் அதை நேர்மின்னாக (டிசி) மாற்றி, தனக்கு வேண்டியபடி மறுபடி உருவாக்கிக்கொள்ளும் கருவிக்கு, வெளியில் இன்னொரு வடிகட்டி வைப்பது வடித்த நீரை மறுபடி வடிப்பதாகவே முடிகிறது.

வழக்கமான கிளாஸ் ஏபி வகையைச் சேர்ந்த என் பழைய ஆம்ப்ளிஃபயரில் முடிவு இதைவிட மோசம். அதன் ரெக்டிஃபயர் (மாறுமின்னை நேர்மின்னாக்கும் பகுதி) மின்னலையின் உச்சியை ஒட்டிய சிறு இடைவெளியில் மட்டும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, கூர்மையான துடிப்புகளாக மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த ஆம்ப்ளிஃபயரை டிரான்ஸ்ஃபார்மர் வழியிலான சாக்கெட்டில் செருகி, முரசு அதிரும் ஒரு பதிவை உரத்த ஒலியில் வைத்தபோது, டிரான்ஸ்ஃபார்மர் காதுக்குக் கேட்கும்படி முனகியது. அடி ஒலிகளின் பிடிப்பும் தளர்ந்தது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மறைத்துக் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

பெட்டி தன் தகுதியைக் காட்டிய இடம் ஒன்று உண்டு. ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ முன்பெருக்கி மில்லிவோல்ட் அளவிலான, சில கார்ட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கும் பகுதி) அதற்கும் குறைவான, சமிக்ஞையைப் பெருக்குவது. ஆகவே சிறு மாசும் அதில் பெரிதாகத் தெரியும். என்னுடையது மின் உள்வாயிலில் வடிகட்டி எதுவும் இல்லாத, ஸ்விட்சிங் முறை அல்லாத பழைய லீனியர் பவர் சப்ளையில் ஓடுகிறது. அதே அறையில் எல்இடி விளக்கின் டிம்மரை பாதியில் வைத்தால், நேரடி இணைப்பில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மெல்லிய கரகரப்பு வரும். டிரான்ஸ்ஃபார்மர் சாக்கெட்டுக்கு மாற்றியதும் அது அடியோடு நின்றது. மின்கம்பியில் கலந்து வரும் சிறு டிசி மின்னழுத்தத்தால் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உறுமும் கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உதவும், ஏனெனில் அது நேர்மின்னைக் கடத்துவதில்லை. சுருள் வடிகட்டி மட்டும் கொண்ட கண்டிஷனரிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது.

கண்டிஷனர் வைத்ததும் ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் தாழ்ந்த முனகல்) போய்விட்டது என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன், காரணத்தைத்தான் நம்புவதில்லை. பல சாக்கெட்டுகளில் சிதறிக் கிடந்த கருவிகள் எல்லாம் ஒரே பெட்டிக்கு வந்துவிடுவதால் அவற்றின் எர்த் இணைப்புகள் ஓரிடத்தில் கூடி, ஹம்மை உண்டாக்கும் எர்த் கம்பி வளையம் (கிரவுண்ட் லூப்) சுருங்கிவிடுகிறது. தரமான ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைச் செய்துவிடும்.

எர்த் என்றதும் ஓர் எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. இந்த வடிகட்டிகளில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டர் இருக்கும். சுவர் சாக்கெட்டில் எர்த் அறுந்திருந்தால், பெட்டியின் உலோக உடலும் அதில் செருகிய எல்லாக் கருவிகளின் உடலும் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். ஆம்ப்ளிஃபயரின் மேல் புறங்கையைத் தடவினால் சுறுசுறுவென்று இருக்கும். அப்படி இருந்தால் கண்டிஷனரைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடவேண்டும்.

மின்சாரத்தையே புதிதாக உருவாக்கித் தரும் ரீஜெனரேட்டர் வகைகளைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டாம். அவை ஓயாமல் சூடாகும் கருவிகள். ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுளை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். பழுது பார்க்கும் செலவு பெட்டியின் விலையைத் தாண்டிப்போகும்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய கண்டிஷனர் குறைந்த விலையில் கிடைத்தால், உள்வாயில் பாகங்களை மாற்றித் தரத் தெரிந்த ஒருவர் கைவசம் இருந்தால் மட்டும், ஃபோனோவுக்கும் பழைய சிடி பிளேயருக்கும் வாங்கலாம். சாக்கெட்டுகளில் ப்ளக் இறுக்கமாக உட்காருகிறதா என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கவேண்டும். பித்தளைப் பிடிகள் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி உருகும். என்னுடையதில் இரண்டு சாக்கெட்டுகள் அப்படி ஆகியிருந்ததால் அவற்றை டேப் ஒட்டி மூடிவிட்டேன். ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டும் இப்போது நேராகச் சுவரில் இருக்கின்றன, சர்ஜ் பாதுகாப்பு வீட்டின் மெயின் போர்டுக்குப் போய்விட்டது, கண்டிஷனரில் ஃபோனோ முன்பெருக்கியின் ப்ளக் ஒன்று மட்டும் செருகியிருக்கிறது.