லைட்ஃபுட்டா, போக்காக்கா?

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எபிரேயத்தில் கரைகண்ட பாதிரியார்கள் இவர்கள். இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது? ஜான் லைட்ஃபுட் (1602–1675) கிரேட் மண்டன் கிராமத்துக் குரு. கேம்பிரிட்ஜ் துணைவேந்தராகவும் இருந்தார். யூதச் சட்ட விளக்க நூலான தல்முதைத் துருவித் துருவிப் படித்து, நற்செய்தி வரிகளை யூத வழக்கங்களோடு பொருத்திக் காட்டினார். பாலஸ்தீன நிலவியலைக்கூட ஏடுகளை வைத்தே எழுதிவிட்டார்!

எட்வர்ட் போக்காக் (1604–1691) 1630இல் லெவன்ட் கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் குருவாக சிரியாவின் அலெப்போவுக்கே போனார். அங்கே அரபு கற்றார், சுவடிகள் சேர்த்தார். 1648இல் ஆக்ஸ்ஃபோர்டில் எபிரேயப் பேராசிரியர். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எபிரேய எழுத்தில் எழுதிய அரபை அப்படியே 1655இல் அச்சேற்றினார்.

தல்முத் பின்னணி மட்டும் போதுமென்றால் லைட்ஃபுட் சரி. என் ஓட்டு போக்காக்குக்குத்தான். பிரசங்கத்தில் புலமையைக் காட்டாததால், அவர் குருவாக இருந்த சில்ட்ரி கிராமத்தார் ‘நல்ல மனுஷர், ஆனால் லத்தீன் வராது’ என்றார்களாம்.